எரிசாம்பல் மறுபயன்பாடு

நகரக் குப்பையை உலையில் எரித்தபின் மிஞ்சும் சாம்பலிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுத்து, எஞ்சியதைப் பதப்படுத்திச் சாலைக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்துவது எரிசாம்பல் மறுபயன்பாடு எனப்படும். எரிப்பதால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும். எடை அந்த அளவுக்குக் குறையாது. ஒரு டன் குப்பைக்கு 200 முதல் 250 கிலோ வரை சாம்பல் மிஞ்சுகிறது. எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் கணக்கு இது.

சாம்பல் இரு வகை. உலைத்தட்டின் அடியில் விழுவது அடிச்சாம்பல். கண்ணாடித் துண்டு, ஓட்டுச் சில்லு, துருப்பிடித்த ஆணி, உருகி உறைந்த அலுமினியம் எல்லாம் கலந்த இந்தச் சாம்பல்நிறச் சரளைதான் எடையில் பெரும்பங்கு. புகையோடு மேலேறி வடிகட்டிகளில் சிக்குவது பறக்கும் சாம்பல். இது அளவில் சொற்பம். ஆனால் ஈயம், காட்மியம், டையாக்சின் ஆகிய நச்சுகள் இதில்தான் திரள்கின்றன. இரண்டையும் கலக்காமல் வைப்பதே இத்துறையின் முதல் விதி. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1990களில், பைக்கர் எரிஉலையிலிருந்து வந்த கலப்புச் சாம்பலைக் காய்கறித் தோட்டங்களின் நடைபாதைகளில் கொட்டிப் பரப்பினார்கள். அதில் டையாக்சின் இருப்பது பின்னர் தெரியவந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போய் அபராதத்தில் முடிந்தது.

அடிச்சாம்பலில் இரும்பைக் காந்தமும், அலுமினியம், செம்பு போன்றவற்றைச் சுழல்மின்னோட்டப் பிரிப்பானும் பிரித்துவிடும். வருமானம் தருவது பெரும்பாலும் இந்த உலோகம்தான். மிச்சச் சரளைக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. அதற்குப் பிறகு தேவைப்படுவது பொறுமை. புதிய சாம்பலின் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் அளவு 12 வரை போகும். அந்நிலையில் மழைநீர் பட்டால் ஈயம் எளிதில் கரைந்து வெளியேறும். இரண்டு மூன்று மாதம் திறந்தவெளியில் குவித்து வைத்தால், காற்றிலுள்ள கரியமில வாயு சாம்பலிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தைத் தணிக்கும், ஈயமும் அடங்கும். ஆனால் ஆண்டிமனி இதற்கு நேர்மாறு: காரம் தணியத் தணிய அது கூடுதலாகக் கசியக்கூடும். ஒரே பக்குவம் எல்லா நஞ்சுக்கும் பொருந்துவதில்லை.

டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் இச்சரளை பல ஆண்டுகளாகச் சாலையின் அடித்தளத்துக்குப் போகிறது. கான்கிரீட்டில் சேர்ப்பது அத்தனை எளிதல்ல. தப்பி நிற்கும் அலுமினியத் துணுக்கு சிமெண்டின் காரத்தில் ஹைட்ரஜன் வாயுவை வெளியிட, கான்கிரீட் உப்பி விரிசல் விடும்.

சாம்பல் மறுபயன்பாட்டின் அவசரத்தை நன்கு உணர்ந்த நாடு சிங்கப்பூர். எரியக்கூடிய குப்பையில் மறுசுழற்சிக்குப் போகாததை அது உலைக்கே அனுப்புகிறது. முதல் எரிஆலை 1979இல் உலு பாண்டானில் தொடங்கியது. சாம்பல், துவாஸிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் கடல்சார் நிரப்புநிலமே நாட்டில் எஞ்சியுள்ள ஒரே குப்பைக்கிடங்கு. இன்றைய வேகத்தில் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு. இன்னொரு பக்கம், கட்டுமான மணலுக்கு நாடு இறக்குமதியை நம்பியிருக்கிறது. இந்தோனேசியா 2007இல் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதனால்தான் பதப்படுத்திய அடிச்சாம்பலை 'நியூசேண்ட்' என்ற பெயரில் கட்டுமானப் பொருளாக்கத் தேசிய சுற்றுப்புற வாரியம் முனைந்தது. தானா மேரா கோஸ்ட் சாலையில் அடித்தளச் சோதனை நடந்தது. பாரம் சுமக்கத் தேவையில்லாத கான்கிரீட்டே அடுத்த இலக்கு. தூண், உத்தரம் போன்றவற்றுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

பறக்கும் சாம்பலுக்கு வழிகள் குறைவு. சுவிட்சர்லாந்தில் அதை அமிலத்தால் கழுவித் துத்தநாகத்தை மீட்கிறார்கள். ஜப்பானில் சாம்பலை உருக்கிக் கண்ணாடி போன்ற கசடாக்கும் ஆலைகள் உண்டு. நஞ்சு அதில் பூட்டப்பட்டுவிடும், ஆனால் அதற்குச் செலவாகும் ஆற்றல் மிக அதிகம். பல நாடுகளில் பறக்கும் சாம்பல் இன்றும் நிலைப்படுத்தப்பட்டு, அபாயக் கழிவாகவே புதைக்கப்படுகிறது.