அடிப்பொடி

அந்தமானில் வாழும் தமிழ் நேயர்களின் செவிக்கு வங்கமொழி புதியதன்று. நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்தினின்று ஏதிலிகளாய் வந்தோர் 1949 முதல் இத்தீவுகளிற் குடியமர்த்தப்பெற்றனர். ஒருவரைத் தம் இல்லத்திற்கு அழைக்குங்கால், ‘தங்கள் காலடித் தூசியைத் தந்தருள வேண்டும்’ என்பது வங்காளியர் மரபு. ‘பாயேர் தூலோ’ என்பது அவர்தம் தொடர். பிறந்த மண்ணை இழந்து வந்தவர்கள் விருந்தினரிடம் வேண்டுவதும் சிறிது மண்ணே!

இதற்கு நேராகத் தமிழில் ‘அடிப்பொடி’ என்னும் அரிய சொல் உண்டு. அடி என்பது பாதம். மலையாளம், கன்னடம் ஆகியவற்றிலும் அதுவே, தெலுங்கில் ‘அடுகு’. பொடி துகளாகும். எளிய இவ்விரு சொற்களும் கூடிப் புகழ்பெற்றது ஓர் ஆழ்வாராலே. திருமண்டங்குடியிற் பிறந்த விப்பிரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து மாலைத்தொண்டு புரிந்தவர். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையும், 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் பாடியவர். தொண்டரடிப்பொடி என்பது அவர் பெயராயிற்று. இறைவன் அடிப்பொடி என்னாமல், அவன் தொண்டர்க்கும் கீழே நின்றமை நோக்கத்தக்கது. வடமொழியில் இவர் ‘பக்தாங்க்ரிரேணு’. பக்தர் தொண்டர், அங்க்ரி அடி, ரேணு பொடி, ஓரசையும் மிகவில்லை. மொழிபெயர்ப்பாளர்க்கு இத்தகைய பேறு எளிதில் வாய்ப்பதில்லை.

பாரசீகத்திலும் ‘காக்-இ-பா’, அதாவது கால்மண், என்று தம்மைத் தாழ்த்திக் கூறிக்கொள்வர். விவிலியத்திலோ நிலைமை வேறு. ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டு நீங்கும்போது காலின் தூசியை உதறிவிடுமாறு சீடர்க்குக் கட்டளை. ஆங்கு அத்தூசி உறவு அறுந்ததன் அடையாளம். ஆதலின் இச்சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்தால் படிப்போர் மயங்குவர்.

நம் காலத்தில் இச்சொல்லுக்குப் புதுவாழ்வு தந்தவர் காரைக்குடி சா. கணேசன். 1939-இல் அங்குக் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த அவர், ‘கம்பன் அடிப்பொடி’ என்றே அழைக்கப்பெற்றார். ஆயினும் இன்றைய அரசியற் பேச்சில் ‘அடிப்பொடிகள்’ என்றால் தலைவரைச் சுற்றித் திரியும் துதிபாடிகள் என்றே பொருள். தானே ஏற்றால் அணி, பிறர் சூட்டினால் வசை என்றாகிவிட்டது. இவ்வீழ்ச்சி எனக்கு வருத்தமே தருகின்றது. இந்தியில் பெயர்ப்போர்க்கு ஒரே சொல் போதாது. முன்னதற்குச் ‘சரண்தூலி’ எனலாம். பின்னதற்குச் ‘சம்சா’ என்னும் வழக்குச் சொல்லே பொருந்தும். அதன் நேர்ப்பொருள், கரண்டி!