எபிசோடு எழுத்து வடிவம்: கண்ணாடியில சேமிச்ச சூரியன்

இந்த எபிசோடை எங்க ஊர்லயிருந்தே ஆரம்பிக்கிறேன். கொடைரோடு. ஸ்டேஷன் பேரைப் பாத்து இறங்குறவங்க, மலை இதோ பக்கத்துலதான்னு நினைச்சுக்குவாங்க. இன்னும் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் பஸ்ல போகணும். மலைப்பாதை வர்றதுக்கு முன்னாடி இங்க இறங்கி, அடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டி, அதுக்கு மேல குதிரை, டோலி, இல்லன்னா நடைதான்.

அப்படிப்பட்ட மலை மேல 1899-ல சூரியனை ஆராய ஒரு வானாய்வகம் இயங்க ஆரம்பிச்சது. ஏன் சூரியன்? 1876-78 தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்துப் போனாங்க. சூரியன்ல வர்ற புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம், அதைக் கண்டுபிடிச்சா மழை பொய்க்கிறதை முன்கூட்டியே சொல்லலாம்னு அன்னைக்கு ஒரு நம்பிக்கை. (மழை அவ்வளவு சுலபமா பிடிபடல, அது வேற கதை.) ஆனா அந்தத் தொடர்பைத் தேடணும்னா ஒரு நாள் படம் போதாது. பல வருஷத்து டேட்டா வேணும்.

அதனால 1904-லிருந்து வானம் தெளிவா இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சாங்க. ஸ்டோரேஜ் எது? கண்ணாடித் தட்டு. மேல வெள்ளி உப்பு கலந்த ஒரு மெல்லிய பூச்சு. வெளிச்சம் பட்ட இடம், கழுவினதும் கறுப்பாகும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், டிரைவர் வேண்டாம், ஃபைல் ஃபார்மட் வேண்டாம். நூறு வருஷம் கழிச்சு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சாலும் சூரியன் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தப் படத்தை எடுத்த கருவி, ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். கால்சியம் வெளியிடுற ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியா விட்டு, சூரியனோட முகத்தை வரி வரியா தட்டுல பதிக்கும். நம்ம ஆபீஸ் ஸ்கேனர் செய்யறதும் அதேதான். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில கண்டுபிடிச்ச விஷயமும் இதே மலையில நடந்ததுதான். சூரியப் புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு சொன்னார். இன்னைக்கும் உலகம் பூரா அதுக்குப் பேரு எவர்ஷெட் விளைவு.

சரி, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் என்ன பண்ணிட்டிருந்தது? 1956-ல ஐபிஎம் கொண்டு வந்த ராமாக்தான் முதல் ஹார்ட் டிஸ்க். ரெண்டடி அகலத்துல 50 தட்டு, கிட்டத்தட்ட ஒரு டன் எடை, 50 லட்சம் எழுத்து கொள்ளும். நம்ம நாட்டுல 1960-ல பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துல டிஃப்ராக் வந்தது. அதோட மெமரி, கம்பி கோத்த குட்டிக் குட்டி ஃபெரைட் வளையங்கள். ஒரு வளையம், ஒரு பிட். 40 பிட் கொண்ட 2,048 சொற்கள், அதாவது மொத்தமே 10 கேபி. இதுல ஒரு வேடிக்கை: அந்த வளையத்தைப் படிச்சா அதுல இருந்தது அழிஞ்சிடும், படிச்ச கையோட திரும்ப எழுதணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். கொடைக்கானல் தட்டுகளை 2000-களோட ஆரம்பத்துல ஒரு தடவை ஸ்கேன் பண்ணாங்க, 8 பிட்ல. அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல மொத்தம் 256 படிதான். தட்டுல அதை விட நுணுக்கமான வித்தியாசமெல்லாம் இருக்கு. ஃபைல்ல அது ஏறல. பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனம் மறுபடியும் முதல்லயிருந்து ஆரம்பிச்சது. 4,096-க்கு 4,096 பிக்சல், 16 பிட், 65,536 படி. ஒரு படம் 32 எம்பி. ஒரே ஒரு நாள் சூரியனுக்கு 23 ஃப்ளாப்பி வேணும். ராமாக்னா ஒன்பது மெஷின். டிஃப்ராக் மெமரின்னா 3,200-க்கும் மேல. 50,000 படம்னு வச்சுக்கிட்டாலும் 1.6 டெராபைட்தான் வருது. அது இன்னைக்கு என் சட்டைப் பையில அடங்கும்.

ஆனா இந்த ரெண்டாவது ஸ்கேன் ஏன் முடிஞ்சது? முதல் ஸ்கேன் முடிஞ்சதும், "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே"ன்னு யாரும் தட்டுகளைத் தூக்கிப் போடல. அதனாலதான்.

எங்க வீட்ல போட்டுட்டாங்க. எங்க அத்தை கல்யாண வீடியோ கேசட், 2000-களோட பாதியில சிடியில ஏத்தினோம். அம்மா அப்பவே சொன்னாங்க, "ஏத்தியாச்சுல்ல, இனி இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" நானே பழைய பேப்பர்காரர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தேன். ஸ்கூல் பையன், கம்ப்யூட்டர் மேல அவ்வளவு நம்பிக்கை. போன பொங்கலுக்கு அந்த சிடியைப் போட்டா பளபளன்னு இருந்த பூச்சு உரிஞ்சு வருது. தாத்தா மைக் பிடிச்சுப் பேசினது அதுல மட்டும்தான் இருந்தது. இப்போ அவரோட குரல் எங்ககிட்ட வேற எங்கயும் இல்ல.

ஒரு சூரிய சுழற்சி கிட்டத்தட்ட 11 வருஷம். நான் வாங்கின எந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சுழற்சி முழுசா உயிரோட இருந்ததில்ல. கொடைக்கானல் டேட்டாவுல ஒன்பது சுழற்சிக்கு மேல இருக்கு. அந்த 16 பிட் ஃபைல்களையும் சில வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாத்திக்கிட்டே இருக்கணும், ஃபெரைட் வளையத்துல படிச்சதைத் திரும்ப எழுதின மாதிரி. தட்டுகள் இன்னும் மேல மலையிலதான் இருக்கு.