புற்றுநோயின் சாயலில் ஒரு காசநோய்



மார்பகத்தில் கட்டி என்றதும் நம் மனம் புற்றுநோயை எண்ணி நடுங்குகிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அபூர்வமாகச் சிலருக்குக் காசநோயாலும் அத்தகைய கட்டி உண்டாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவம் கடந்துவந்த பாதையை இன்று காண்போம்.

1829ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர், மார்பக நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கழுத்தில் கண்டமாலை கண்ட இளம்பெண்கள் சிலருக்கு மார்பிலும் அதே தன்மையுள்ள கட்டி தோன்றுவதை அதில் குறித்தார். அக்கட்டியை ஆராய அவருக்கு இருந்தவை கண்ணும் கையுமே.

ஆனால் கண்ணும் கையும் இங்கே ஏமாறும். கட்டி கெட்டியாக இருக்கலாம், தோல் குழிவிழலாம், காம்பு உள்வாங்கலாம், அக்குளில் நெறி கட்டலாம். இவை இரு நோய்க்கும் பொதுவான அறிகுறிகள்.

1882 மார்ச் 24ஆம் நாள், பெர்லினில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அத்துடன் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. மார்பகக் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு. சாயமேற்றி நுண்ணோக்கியில் தேடினாலும் பலமுறை அகப்படுவதில்லை.

1894இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், புற்றுநோய்க்காக மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் நெறிகளையும் அகற்றும் அறுவை முறையை விளக்கி எழுதினார். அம்முறை பல்லாண்டுகள் வழக்கில் இருந்தது. நோயை மாற்றிக் கணித்தால் ஒரு பெண் எதையெல்லாம் இழந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. காசநோய் என்று உறுதிப்பட்டால் மருந்தே போதும் என்னும் நம்பிக்கை பிறந்தது. இன்று பல மருந்துகளைச் சேர்த்து, குறைந்தது ஆறு மாதம் கொடுக்கிறார்கள். மார்பகத்தை அகற்றும் தேவை அரிதாகவே எழுகிறது.

எக்ஸ்ரே படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். அதில் காணும் சிறு முடிச்சுகள் காசநோயைச் சுட்டலாம். வேறு அழற்சிகளிலும் அவை தோன்றலாம். ஆகவே கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் மரபணுச் சோதனையும் துணைக்கு வருகின்றன. அரிதாக இரு நோய்களும் ஒரே மார்பகத்தில் இருப்பதுண்டு. ஒன்றைக் கண்டதும் மற்றதை மறந்துவிடலாகாது.

நேயர்களே, கட்டியைக் கண்டதும் புற்றுநோய் என்று மனமொடிய வேண்டாம். வெறும் சீழ்க்கட்டி என்று நாள் கடத்தவும் வேண்டாம். வெட்கத்தை ஒதுக்கி, காலத்தே மருத்துவரை நாடுவோம்.