தொண்டும் வாக்கும்: காரைக்கால் எல்லையிலிருந்து மார்கரெட் கசின்ஸ்

மார்கரெட் கசின்ஸை (1878–1954) அன்னி பெசண்டின் அருகே நின்ற சமூகத் தொண்டராகவே நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. இது பாதி உண்மைதான். தொண்டின் பெயரால் திரண்ட பெண்களை வாக்குரிமை கேட்க வைத்தவர் அவர் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த உரிமை யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பது சென்னையின் அடையாற்றைவிடக் காரைக்காலின் தருமபுரத்திலிருந்து பார்த்தால் துலக்கமாகத் தெரிகிறது.

அயர்லாந்தில் பிறந்து இசையில் பட்டம் பெற்ற அவர், 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910இல் லண்டன் ஹாலோவே சிறை. 1913இல் டல்லமோர் சிறையில் உண்ணாநோன்பு. 1915இல் கணவர் ஜேம்ஸுடன் இந்தியா வந்தபோதே போராட்டத்தில் தேர்ந்தவர்.

1917இல் அடையாற்றில் உருவான இந்திய மாதர் சங்கத்தின் கிளைகள் எழுத்தும் தையலும் முதலுதவியும் கற்பித்தன. அவ்வாண்டு இந்தியா வந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைப் பெண்கல்வி குறித்துச் சந்திக்கவே கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டார். அரசியல் கோரிக்கைகளை மட்டுமே கேட்க முடியும் என்று பதில் வந்தது. உடனே மனுவில் வாக்குரிமையைச் சேர்த்தார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் அமைச்சரைக் கண்டது. ஓர் அலுவலக விதியே அரசியலுக்கு வழிவிட்டது என்பது வரலாற்றின் குறும்பு. ஆனால் அந்த வழியில் உடனே நுழைய, அயர்லாந்து அனுபவம் வேண்டியிருந்தது.

1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்தோ வரியோ உள்ளவர்களுக்கு மட்டும். தஞ்சை வயலில் நாற்று நட்டவளுக்கு அதில் இடமில்லை. சங்கத்தின் தலைமையும் பெரும்பாலும் படித்த மேல்தட்டினரிடமே இருந்தது. இந்தக் குறையை மறைத்து அவரைப் போற்றுவது ஆய்வாகாது.

இனி எல்லைக்கு இப்பால் வருவோம். தஞ்சை மாவட்டம் சூழ்ந்திருந்தும், தருமபுரம் அன்று பிரெஞ்சுக் காரைக்காலின் பகுதியாக இருந்தது. பிரெஞ்சிந்திய ஆண்கள் 1871 முதலே பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து வந்தனர். பிரிட்டிஷ் பகுதியில் அன்று அப்படியொரு தேர்தலே இல்லை. ஆனால் பிரெஞ்சு அரசு பெண்களுக்கு வாக்குரிமை ஆணை பிறப்பித்தது 1944இல்தான். சமத்துவம் பேசிய குடியரசு, பெண் விஷயத்தில் சென்னைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கியது. தாராள அரசுகள் தாமாகவே உரிமை தந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒப்பீடு தகர்க்கிறது. வேறுபாட்டுக்கு அரசியலமைப்பு முறைகளும் காரணம்தான். ஆயினும் திரண்டு கேட்ட பெண்களின் பங்கைச் சிறிதாக்க முடியாது.

கசின்ஸ் வெள்ளையரின் கருணைக்கு முகமாக இருந்தவர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனால் 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாயைச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கத் தூண்டியவர் அவர். இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டாக அமர்ந்த கசின்ஸே, அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி 1932இல் வேலூர்ச் சிறைக்குப் போனார். கருணைக்கு முகமானவரை அரசு சிறையில் அடைப்பதில்லை. அவர் பணியில் வர்க்க எல்லை இருந்தது. ஆட்சியாளருக்கான விசுவாசம் இருக்கவில்லை.