கணக்குக் கேட்போரும் கணக்குக் காட்டலும்
இலங்கையில் ஊழலெதிர்ப்புக் குடிசார் அமைப்புகள்: ஒரு வரலாற்று நோக்கு

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கு எவரைத் தெரிதல் ஆகாது எனக் கூறுமிடத்து, முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குகின்றன. பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்னும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. ஆயின், அக்கணக்கைக் கேட்பவர் யாவர், கேட்பவர்க்கு வேண்டிய பணத்தை அளிப்பவர் யாவர் என்ற வினாக்கள் தற்காலத்துக்கே உரியன. இலங்கையில் அவ்வினாக்கள் எழுந்தவாற்றையும் அவற்றுக்கு வரலாறு அளித்துள்ள விடையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் சட்டம் இல்லாமையால் ஊழல் வளர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் சுதந்திரம் பெற்று ஆறாண்டுகளுள் இயற்றப்பட்டது. 1958இல் இலஞ்ச ஆணையாளர் திணைக்களம் தோன்றியது. 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் மூவர் கொண்ட ஆணைக்குழுவை நிறுவிற்று. எனினும், முறைப்பாடு கிடைத்தாலன்றித் தானே முன்வந்து புலனாயும் அதிகாரம் அவ்வாணைக்குழுவுக்கு அச்சட்டத்தால் வழங்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமே அக்குறையை நீக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குற்றத்தைக் கண்ட குடிமகன் வாய்திறந்தாலன்றிச் சட்டமும் வாய்திறவாத நிலை இருந்தது. அதிகாரத்தில் உள்ளோர்மீது தனியொருவர் முறையிடுவது எளிதன்று. அவர்க்குச் சட்ட அறிவும் துணையும் பாதுகாப்பும் வேண்டும். இந்த இடைவெளியிலேயே குடிசார் அமைப்புகள் கால்கொண்டன.

உலக நிலையும் இதற்குச் சாதகமாயிற்று. 1993இல் பேர்லின் நகரில் டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் அமைப்பு தோன்றியது. அதனை நிறுவிய பீற்றர் ஐகன் உலக வங்கியில் முன்னர்ப் பணியாற்றியவர். ஊழலை அரசியல் விடயமெனக் கூறி ஒதுங்கியிருந்த உலக வங்கியும் 1996இல், அதன் தலைவர் வுல்பன்சனின் உரையோடு தன் போக்கை மாற்றிற்று. வளர்முக நாடுகளின் அரசுகளுக்குக் கடனளித்தால் மட்டும் போதாது, அவ்வரசுகளைக் கண்காணிக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் நிதியளித்தல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2003இல் ஏற்கப்பட்ட ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை, சமூகத்தின் பங்கேற்பை அரசுகளின் கடப்பாடாகவே வகுத்தது. 2004 மார்ச்சில் இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனலின் இலங்கைக் கிளை 2002 முதல் இயங்கிவருகின்றது.

பணம் வந்த வழியே ஐயத்துக்கும் வழியாயிற்று. கொழும்பு கொள்ளுப்பிட்டியிற் காலி வீதியிலே, பிரதமரின் உத்தியோக வாசத்தலமாக விளங்கிவந்த அலரி மாளிகையும் ஐக்கிய அமெரிக்கத் தூதரகமும் அண்மையண்மையாக அமைந்துள்ளன. ஆட்சியாளரின் கணக்கைக் கேட்டவர் எவராயினும், அவரை இயக்குவது அயலிலுள்ள தூதரகமே என்று கூறிவிடுதல் ஆட்சியாளர்க்கு எளிதாயிற்று. ஐயத்தின் வரலாறு அதனினும் பழையது. அரசசார்பற்ற நிறுவனங்களைப் பதிவுசெய்து கண்காணிக்க 1980இலேயே சட்டம் பிறந்தது. 1990இல் சனாதிபதி பிரேமதாச அவற்றை விசாரிக்க ஆணைக்குழுவொன்றை நியமித்தார். 2010இல் அவற்றுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்தது. 2014இல் வடபகுதித் தமிழ்ப் பத்திரிகையாளர்க்கெனப் பொலன்னறுவையிலும் நீர்கொழும்பிலும் டிரான்ஸ்பேரன்சி அமைப்பு ஒழுங்குசெய்த பயிற்சிகள் தடைப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில், பத்திரிகையாளர் மாநாடுகளும் ஊடகப் பயிற்சிகளும் நடத்தலாகாது என அச்செயலகம் அறிவித்தது.

இவ்வையத்தைத் தீய நோக்கத்தின் விளைவெனத் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. பணம் அளிப்பவர்க்கே அறிக்கை எழுதி, அவர் மொழியிலேயே பேசி, திட்டம் முடிந்ததும் கலையும் அமைப்பு, தான் யாருக்காகத் தோன்றியதோ அம்மக்களிடமிருந்து விலகிவிடும். இந்தியாவின் இராசத்தானத்தில் அருணா ராய் முதலியோர் 1990இல் நிறுவிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் இதனை உணர்ந்து செயற்பட்டது. வெளிநாட்டு நிதியை அது ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலியளவான ஊதியத்தோடு வாழ்ந்த அதன் தொண்டர்கள், 1994 முதல் ஊர்ப்பொதுவிடங்களில் அரச வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தனர். பட்டியலிற் பெயரிருந்தும் கூலி பெறாதவர்கள் எழுந்து நின்று சாட்சி கூறினர். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அவ்வூர்க்கூட்டங்களில் உள்ளது.

இலங்கையிலும் நிலைத்த பயன்களை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். தகவலுரிமையைக் கோரிய கொழும்புப் பிரகடனத்தைப் பத்திரிகையாளர் அமைப்புகள் 1998இல் வெளியிட்டன. 2011இல் கரு ஜயசூரிய கொணர்ந்த தனிநபர் பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. ஈற்றில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. காரணங் கூறாமலே தகவல் கேட்கும் உரிமை அதனால் எந்தக் குடிமகனுக்கும் கிட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் காணியிழந்தோரும் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினரும் அரச அலுவலகங்களின் முன் இவ்வுரிமையோடு நின்றனர்.

நீதிமன்ற வழியும் அத்தகையதே. பொதுத்தேவைக்கெனச் சுவீகரிக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி குழிப்பந்தாட்டத் திடலான வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், தனிக்குடிமக்கள் இருவரின் மனுவை ஏற்று உயர் நீதிமன்றம் 2008இல் முன்னாட் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவுக்கு 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சி தொடர்பாக டிரான்ஸ்பேரன்சி அமைப்பும் குடிமக்கள் சிலரும் தொடுத்த வழக்குகளில், முன்னாட் சனாதிபதிகள் உட்படப் பலர் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர் என அந்நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் நாள் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. முதல் வழக்கைத் தனிமனிதர் நடத்தினர். இரண்டாவதில் அமைப்பும் மனிதரும் இணைந்தனர். பணம் துணையாகலாம், முதலாகாது.

2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஜூலையோடு அதன் அபிவிருத்தி முகவரகத்தின் உதவிப் பணி முடிவுற்றது. அயலார் பணத்தை நம்பி நிற்கும் அமைப்பு எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. எனினும் தகவலறியும் சட்டம் அதனோடு மறையவில்லை. நீதிமன்றக் கதவும் மூடவில்லை.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. அரசிடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதிபெற்றுப் பொதுச்சேவை புரியும் அரசசார்பற்ற நிறுவனங்களையும், அச்சேவை குறித்த அளவில், தகவலறியும் சட்டம் தன்னுள் அடக்குகின்றது. கணக்குக் கேட்பவரும் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பது இதன் பொருளாகும். வெளிநாட்டுப் பணம் என்ற பழிக்கு மறுமொழி பணத்தை மறைப்பதன்று. எவரிடமிருந்து எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதை ஊரறியச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிவைப்பதேயாம். கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் ஒருங்கே விலக்கிய உத்தரமேரூர்ச் சபை, இந்நெறிக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற வேறுபாடு இல்லை என்பதைக் கல்லில் வெட்டிவைத்தது. அந்நெறி ஆட்சியாளர்க்குப் போலவே அவரைக் கண்காணிப்போர்க்கும் உரியதாகும்.