வேலை கேட்டு எழுதிய கடிதம்

2003 நவம்பர் மாதம். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று முக்கிய அமைச்சுகளைத் தம்வசம் எடுத்துக்கொண்டதால் கொழும்பு அரசியல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பணியாற்றிய பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. யூஜின் கிளைனர் என்பவர் தமது 80ஆவது வயதில் கலிபோர்னியாவில் காலமானார் என்ற செய்தி வந்தது. யாரோ ஒரு பணக்காரர் என எண்ணி ஒதுக்கிவிட்டேன். அவர் யாரென்பதைப் பின்னர் வாசித்தறிந்தபோது வெட்கமாக இருந்தது.

கிளைனர் 1923இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய பின்னர் அவரது குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறி, ஈற்றில் நியூயோர்க் சென்றடைந்தது. அங்கு பொறியியல் கற்ற அவர், வில்லியம் ஷொக்லி கலிபோர்னியாவில் ஆரம்பித்த குறைகடத்தி ஆய்வுகூடத்தில் 1956இல் சேர்ந்தார். ஷொக்லி அதே ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் மனிதரை நடத்தத் தெரியாதவர். ஆய்வுகூடத்தில் நேர்ந்த ஒரு சிறு காயத்துக்காக ஊழியர்களைப் பொய்யறியும் கருவியின் முன் நிறுத்த முற்பட்டவர்.

1957 ஜூனில் கிளைனர், தமது தந்தையார் கணக்கு வைத்திருந்த ஹேடன் ஸ்டோன் என்ற நியூயோர்க் பங்குத்தரகு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். துணிகர முதலீட்டின் வரலாற்றை எழுதுவோர் அதனை ஒரு புரட்சிப் பிரகடனம்போல வர்ணிப்பதுண்டு. உண்மையில் அதில் கேட்கப்பட்டிருந்தது வேலை. தாங்கள் ஏழு பேர், தங்களைப் பிரிக்காமல் ஒன்றாக அமர்த்திக்கொள்ளும் கம்பனி உண்டா என்பதே அதன் சாரம். சொந்தமாகவே தொடங்கலாமே என்று சொன்னவர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் ரொக் என்ற இளைஞர். எட்டாமவராக ரொபர்ட் நொய்ஸ் வந்து சேர்ந்தார். ஒப்பந்தப் பத்திரத்துக்குப் பதிலாகப் புத்தம்புதிய ஒரு டொலர் தாள்களில் கையொப்பமிட்டுக்கொண்டார்கள்.

ஷொக்லியை விட்டு விலகிய இந்த எண்மருக்குத் 'துரோகிகள்' என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு எமது மண்ணில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவர். அவர்களுக்கோ அது காலப்போக்கில் விருதாகவே மாறியது.

முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் கைவிரித்த பிறகு, புகைப்படக் கருவித் தொழிலதிபர் ஷேர்மன் பெயார்சைல்டின் நிறுவனம் ஏறக்குறைய 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் தந்தது. நிபந்தனை ஒன்று இருந்தது: விரும்பினால் முழுக் கம்பனியையும் 30 இலட்சம் டொலருக்குத் தானே வாங்கிக்கொள்ளும். 1959இல் அவ்வாறே வாங்கியது. ஆளுக்கு 500 டொலர் போட்டவர்களுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் டொலர் பெறுமதியான பங்குகள் கிடைத்தன. கம்பனி மட்டும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

கிளைனர் பின்னாளில் முதலீட்டாளரானதற்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு. பணத்துக்காகக் கதவு கதவாகத் தட்டியவருக்கு, கொடுப்பவர் எப்படி நடக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். இடையில் எடெக்ஸ் என்ற கல்விச் சாதனக் கம்பனியை நடத்தி விற்றார். 1968இல் இன்டெல்லின் ஆரம்ப முதலீட்டாளர்களுள் ஒருவரானார். 1972இல் ஹியூலெட் பக்கார்டிலிருந்து வந்த டொம் பேர்கின்ஸுடன் சேர்ந்து 80 இலட்சம் டொலர் நிதியைத் திரட்டினார். இருவருமே தொழிற்கூடத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள், வங்கியாளர்கள் அல்லர்.

தொடக்கத்தில் சறுக்கல்களும் உண்டு. மோட்டார் சைக்கிளைப் பனியில் ஓடும் வண்டியாக மாற்றும் ஒரு திட்டத்தில் போட்ட பணம் கரைந்தது! பிறகு தங்களிடம் பணியாற்றியவர்களையே நம்பினார்கள். ஜிம்மி டிரேபிக் 1974இல் டான்டெம் கணனிக் கம்பனியைத் தொடங்கினார். 1976இல் ரொபர்ட் சுவான்சன், உயிரியல் பேராசிரியர் ஹேர்பர்ட் போயருடன் இணைந்து ஜெனன்டெக்கை நிறுவினார். ஆய்வுகூடம்கூட இல்லாத அந்தக் கம்பனிக்கு அவர்கள் முதலிற் கொடுத்தது ஒரு இலட்சம் டொலர். இரண்டே ஆண்டுகளில் பக்றீரியாக்களைக் கொண்டு மனித இன்சுலினை உருவாக்கிக் காட்டினார்கள். 1982இல் அதற்கு அமெரிக்காவில் விற்பனை அனுமதி கிடைத்தது.

என் தாயார் தமது கடைசி ஆண்டுகளில் நாள்தோறும் ஏற்றிக்கொண்டது அவ்வாறு உருவாக்கப்படும் மனித இன்சுலினைத்தான். கிளைனரின் மரணச் செய்தியை நான் ஒதுக்கிய அன்றும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு குப்பிகள் இருந்திருக்கும்.