வெடிக்கு வேலி இடைவெளியே

2023-ஆம் ஆண்டு தருமபுரி வட்டாரத்திற்குத் துயரம் மிக்க ஆண்டாக அமைந்தது. மார்ச் மாதம் பென்னாகரத்தை அடுத்த நாகதாசம்பட்டியில் ஒரு பட்டாசுக் கூடம் வெடித்துப் பெண்கள் இருவர் மாண்டனர். 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில், ஜூலை 29 அன்று பழையபேட்டைக் கிடங்கு வெடித்தது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. எட்டுப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். அக்டோபர் 7 அன்று ஓசூருக்கு அப்பால், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் கடையும் கிடங்கும் ஒன்றாயிருந்த கட்டடம் தீப்பற்றியது. தீபாவளி வேலைக்குப் போயிருந்த அரூர் வட்டாரத்து இளைஞர்களும் அதில் பலியாயினர்.

தீயை ஏன் உடனே அணைக்க முடியவில்லை? விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. கரிமருந்துக்கு அது தேவையில்லை. அதில் வெடியுப்பு 75 பங்கு, கரித்தூள் 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே தருகிறது. ஆகவே மணலைக் கொட்டி மூடினாலும், கதவை அடைத்தாலும் அது எரியும். மூடிய அறையிலோ, பிறக்கும் வாயுக்கள் வெளியேற வழியின்றிச் சுவரையே பெயர்த்துவிடும்.

ஆதலால் பற்றிய பின் அணைப்பதைவிட, பற்றினாலும் பரவாதபடி வைப்பதே அறிவுடைமை. இவ்வுண்மையை உலகம் பல உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.

1874 அக்டோபர் 2, விடியற்காலை. இலண்டன் ரீஜன்ட் கால்வாயில் ‘டில்பரி’ என்னும் படகு வெடிமருந்தையும் பெட்ரோலியத்தையும் ஒன்றாக ஏற்றிச் சென்றது. பெட்ரோலிய ஆவி நெருப்பைத் தொட்டது. படகு சிதறி மூவர் மாண்டனர். மேலிருந்த பாலம் தகர்ந்தது. கால்வாய் பள்ளத்தில் ஓடியதால் மண்கரைகள் வெடியின் வேகத்தை ஓரளவு தடுத்தன. கிடங்கைச் சுற்றி மண்மேடு எழுப்புவதன் தத்துவமும் இதுவே.

மறு ஆண்டே பிரிட்டனில் வெடிபொருள் சட்டம் பிறந்தது. 1884-இல் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் வந்தது. உராய்ந்தாலே வெடிக்கக்கூடிய குளோரேட்-கந்தகக் கலவையைப் பிரிட்டன் 1894-இல் தடை செய்தது. இந்திய அரசு 1992-இல் தடை அறிவித்தது.

இன்று நடைமுறையிலுள்ள 2008-ஆம் ஆண்டு விதிகளிலும் அதே பாடத்தைக் காணலாம். நிரந்தரப் பட்டாசுக் கடை தரைத்தளத்தில், தனிச் சுவர்களோடு இருக்க வேண்டும். மாடியில் குடியிருப்பு கூடாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கிடையே குறைந்தது 3 மீட்டரும், வீடு முதலிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டரும் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கியும் இருக்கலாகாது. எண்ணெய் விளக்குக்கும் அங்கு இடமில்லை.

இந்த 50 மீட்டர் வணிகருக்கு வீண் இடமாகத் தோன்றலாம். ஒரு கடையின் தீ ஒரு தெருவின் தீயாகாமல் காப்பது அந்த வெற்றிடமே. அடுத்த தீபாவளிக்குப் பட்டாசு வாங்கச் செல்லும்போது, விலையைக் கேட்குமுன் கடையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். மேலே வீடும் பக்கத்தில் அடுப்பும் இருந்தால் அங்கு நிற்க வேண்டாம். ஊராட்சிக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ தெரிவியுங்கள்.